எல்லாப் பழியும் கொரோனா தலையிலா?

"உங்களுக்குக் கொரோனா வந்துச்சா?" என்று ஒரு கேள்வி. "ஆமா, ரெண்டாவது அலையில ரெண்டு பேருக்கும் வந்துச்சு" என்று ஒரு பதில். அதோடு விசாரணை முடிந்துபோகிறது. கரு தங்காததற்கும், முட்டை குறைவாக வந்ததற்கும், விந்தணு எண்ணிக்கை இறங்கியதற்கும் காரணம் கிடைத்துவிட்டதாக எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கருத்தரிப்பு மையங்களின் காத்திருப்பு அறையிலும், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பிலும், சில மருத்துவர்களின் மேசைக்கு எதிரிலும் இந்த உரையாடல் நடக்கிறது. கொரோனா வந்துபோன உடம்பில் ஐவிஎஃப் பலிக்காது என்பது இன்று பலருக்குச் சந்தேகமே இல்லாத உண்மை.

இது பெரும்பகுதி தவறு. இதில் சரியாக இருக்கும் சிறு பகுதியும் தவறாகவே பயன்படுத்தப்படுகிறது. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள், நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சமும் இரண்டு லட்சமுமாகக் கட்டிவிட்டு, கரு வைத்த பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். அதனால்தான் இதை இப்படியே விட மனம் வரவில்லை.

சந்தேகம் எழுந்ததில் குற்றமில்லை. கொரோனா வைரஸ் மனித செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ-2 என்ற புரதம் நுரையீரலில் மட்டும் இல்லை. விதைப்பையிலும் சினைப்பையிலும் கருப்பையின் உட்சுவரிலும் இருக்கிறது. 2020-ல் இதைக் கவனித்த ஆராய்ச்சியாளர்களே, இனப்பெருக்க உறுப்புகளை வைரஸ் தாக்குமோ என்று முதலில் கேட்டார்கள். ஆனால் அவர்கள் கேள்வியோடு நிற்கவில்லை. போய்ச் சோதித்துப் பார்த்தார்கள். நம் வீடுகளில் கேள்வி மட்டும் தங்கிவிட்டது; விடை வந்து சேரவே இல்லை.

ஆண்களிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கொரோனாவின் தடம் தெளிவாகத் தெரிவது அங்கேதான். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. பிறகு விதையை ஒட்டிய சுருள்குழாயில் முதிர்ந்து, நீந்தும் திறன் பெற மேலும் ஒன்றிரண்டு வாரம். இந்த வேலை நடக்க உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ச்சி வேண்டும்; விதைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குவதே அதற்காகத்தான். ஒருவருக்கு மூன்று நாள் 103 டிகிரி காய்ச்சல் அடித்தால், அந்த நேரத்தில் பாதி வளர்ந்திருக்கும் அணுக்கள் அடிவாங்கும். அது உடனே தெரியாது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் எண்ணிக்கை குறைந்தும் நகர்வு மந்தமாகவும் தெரியும். மூன்று மாதம் போனால், காய்ச்சலுக்குப் பிறகு புதிதாக உருவானவை வந்து சேர்ந்துவிடும். டெங்குவும் டைபாய்டும் இதையேதான் செய்கின்றன. கொரோனா வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மருத்துவம் அறிந்த செய்தி இது.

பெல்ஜியத்தில் டாண்டர்ஸ் குழுவினர் கொரோனாவிலிருந்து மீண்ட ஆண்களின் விந்தைப் பரிசோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. தொற்று வந்து ஒரு மாதத்துக்குள் சோதிக்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினருக்கு நகர்வு குறைந்திருந்தது. 37 விழுக்காட்டினருக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. இரண்டு மாதம் தாண்டியவர்களில் அதே அளவுகள் 28, 6 என்று இறங்கிவிட்டன. விந்தில் வைரஸின் மரபுப்பொருள் தென்படவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இயற்கையாகக் கருத்தரிக்க முயன்ற 2,126 பெண்களைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் தொடர்ந்து கவனித்தார்கள். பெண்ணுக்குக் கொரோனா வந்திருந்ததால் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை. ஆணுக்குக் கடந்த 60 நாளுக்குள் வந்திருந்தால் மட்டும் அந்த வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு குறைந்ததாகத் தெரிந்தது. அதையும் அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு அந்தப் பிரிவில் ஆட்கள் இல்லை. 60 நாளுக்கு முன்பு வந்து போயிருந்தால் வேறுபாடே இல்லை.

ஆக, உண்மையான பகுதி இதுதான்: தொற்றுக்குப் பின் இரண்டு, மூன்று மாதம் ஒரு பலவீனமான காலம். அந்த நேரத்தில் எடுத்த விந்துப் பரிசோதனையை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கரு வைப்பதற்கும் ஏறத்தாழ இது பொருந்தும். உறைநிலைக் கருவை வைத்துக்கொண்ட பெண்களிடம் இஸ்ரேலில் நடந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது கொரோனா வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. தொற்று வந்து 60 நாளுக்குள் கரு வைத்துக்கொண்டவர்களிடம் மட்டும் வெற்றி குறைந்திருந்தது. சமீபத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது, இரண்டு மாதம் தள்ளிப்போடுவோம் என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவர் சரியாகவே சொல்கிறார். நான்கு வருடத்துக்கு முன்பு வந்த கொரோனாவைக் காட்டி இன்றைய தோல்வியை விளக்குபவர் சரியாகச் சொல்லவில்லை.

முட்டை விஷயத்தில் எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் உண்டு, அதை மறைத்துவிட்டு வாதாட நான் விரும்பவில்லை. வூஹானில் நடந்த ஓர் ஆய்வில், லேசான தொற்று வந்திருந்த 65 பெண்களை, வராத 195 பெண்களோடு ஒப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் கருவாக, அதாவது பிளாஸ்டோசிஸ்ட்டாக வளர்ந்தவற்றின் விகிதம் தொற்று வந்தவர்களிடம் குறைவாக இருந்தது. இஸ்ரேலில் இன்னொரு ஆய்வு, தொற்று வந்து 180 நாளுக்கு மேல் கழிந்தவர்களிடம் எடுக்கப்பட்ட முட்டைகள் குறைவு என்றது. அர்ஜென்டினாவில், முட்டையைச் சூழ்ந்திருக்கும் சினைநீரில் கொரோனா எதிர்ப்பொருள் அதிகமிருந்த பெண்களிடம் முட்டைகள் குறைவாகக் கிடைத்தன. பயமுறுத்தும் செய்திகளில் அடிபடுபவை பெரும்பாலும் இப்படிப்பட்ட முடிவுகள்தான்.

இவற்றை முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம். வூஹான் ஆய்வில் ஐந்தாம் நாள் கரு குறைந்தது. ஆனால் கர்ப்பம் தரித்தவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. முட்டையைப் பற்றிய இஸ்ரேல் ஆய்விலும் மொத்தக் கணக்கில் முட்டை எண்ணிக்கையோ கர்ப்பமோ தொற்று வந்தவர்களுக்குக் குறையவில்லை. ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனை ஆய்வில், சினைநீரில் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தும் சினைமுட்டைப் பைகளின் செயல்பாட்டில் மாற்றம் காணப்படவில்லை. பிரான்சில், லேசான தொற்று வந்துபோன பெண்களின் ஏஎம்ஹெச் அளவில், அதாவது முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோனில், மாற்றம் இல்லை. ஸ்பெயினில், தொற்று உறுதியான நிலையில் இருந்த இரண்டு பெண்களிடம் எடுத்த முட்டைகளில் வைரஸின் மரபுப்பொருள் இல்லை. எல்லாமே சிறிய ஆய்வுகள்தான். ஒன்று சற்று இந்தப் பக்கம், ஒன்று சற்று அந்தப் பக்கம் சாய்கிறது. கொரோனா உண்மையிலேயே சினைப்பையைச் சூறையாடியிருந்தால், சிறிய ஆய்வுகளில்கூட எல்லா ஊரிலும் ஒரே திசையில் அது தெரிந்திருக்கும். தெரியவில்லை.

இதைவிட எளிதான கணக்கு ஒன்று இருக்கிறது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், நாட்டில் 67.6 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. தடுப்பூசி அப்போது பெரும்பாலானவர்களை எட்டியிருக்கவில்லை. அதில் பெரும்பகுதி தொற்றால் வந்தது. அதற்குப் பிறகு ஒமிக்ரான் வேறு வந்து போனது. இன்று கருத்தரிப்பு மையத்தின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய எல்லாருக்கும் கொரோனா வந்து போயிருக்கிறது. முதல் சுற்றிலேயே இரட்டைக் குழந்தை பெற்றவருக்கும் வந்திருக்கிறது. நான்கு சுற்று தோற்றவருக்கும் வந்திருக்கிறது. மருத்துவமனைக்கே போகாமல் கல்யாணமான மூன்றாம் மாதம் வாந்தி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் வந்திருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டு, ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனதை எப்படி விளக்குவது?

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே இந்தச் சிகிச்சைகளை மேற்பார்வையிடும் ஆணையம் நாட்டின் ஒவ்வொரு சுற்றையும் பதிவு செய்கிறது. 2022-க்குள் அந்த நாட்டிலும் பெரும்பாலோருக்குத் தொற்று வந்துவிட்டது. கொரோனா கருத்தரிப்புச் சிகிச்சையைக் கெடுக்குமென்றால் அந்த ஆண்டின் வெற்றி விகிதம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை.

"அதெல்லாம் சரி, எனக்குக் கொரோனாவுக்கு முன்னாடி முதல் குழந்தை சுலபமா நின்னுச்சு, அப்புறம்தான் தங்கல" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். மடியில் தடிமனான ஃபைல். பழைய ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, தைராய்டு அறிக்கை எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். முதல் குழந்தை பிறந்தபோது அவருக்கு 30. இரண்டாவதுக்கு முயன்று கிளினிக் படியேறியபோது 37. அந்த ஏழு வருடத்தில் நடந்த எல்லாவற்றிலும் மனதில் பதிந்தது கொரோனாதான், ஏனென்றால் இரண்டாவது அலை வந்த அந்தக் கோடையை யாராலும் மறக்க முடியாது. ஆனால் சினைப்பை கோடையைக் கணக்கு வைப்பதில்லை; வயதை வைக்கிறது. பிரிட்டனின் புள்ளிவிவரப்படி, 35 வயதுக்குக் கீழே ஒரு கரு வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 43 தாண்டினால் சொந்த முட்டையில் நூற்றுக்குச் சில பேருக்குத்தான். எந்த வைரஸும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியதாக யாரும் காட்டவில்லை. அந்தப் பெண்ணிடம் வயதைப் பற்றி யாரும் மனம்விட்டுப் பேசியிருக்கவில்லை. கொரோனாவைப் பற்றி மூன்று பேர் பேசியிருந்தார்கள்.

இன்னொரு வகையான பேச்சும் உண்டு. வைரஸை எதிர்த்து உடலில் உருவாகும் எதிர்ப்பொருளே கருவைத் தாக்குகிறது என்பது. இதன் பிறப்பிடம் தெரியும். 2020 டிசம்பரில் ஜெர்மானிய மருத்துவர் வுல்ஃப்காங் வோடார்க்கும், ஃபைசர் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய மைக்கேல் யீடனும் ஐரோப்பிய மருந்து முகமைக்கு ஒரு மனு கொடுத்தார்கள். வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கு எதிராகத் தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருள், நஞ்சுக்கொடி அமையத் தேவையான சின்சைட்டின்-1 என்ற புரதத்தையும் தாக்கக்கூடும் என்றார்கள். ஆதாரம் காட்டவில்லை. சில வாரங்களில் அது வாட்ஸ்அப் வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 2021-ல் ரேண்டி மாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதை நேராகச் சோதித்தார்: தடுப்பூசியால் எதிர்ப்பொருள் பெற்றவர்கள், நோயால் பெற்றவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என மூன்று பிரிவினருக்கும் உறைநிலைக் கரு வைத்ததில், கரு ஒட்டிக்கொள்ளும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நியூயார்க்கில் தடுப்பூசி போட்ட 222 பேரின் முட்டைத் தூண்டல் சுற்றுகளைப் போடாத 983 பேரின் சுற்றுகளோடு ஒப்பிட்டார்கள். முட்டையிலும் கருவிலும் மாற்றமில்லை. மயாமியில் 45 ஆண்களின் விந்தைத் தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எண்ணினார்கள், குறையவில்லை.

அந்த வதந்தியை நம்பிக் குழந்தைக்காகத் தடுப்பூசியைத் தவிர்த்தவர்கள் என்ன ஆபத்துக்குள் போனார்கள் என்பதை நினைத்தால் கோபம் வருகிறது. 18 நாடுகளில் 43 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், கொரோனா வந்த கர்ப்பிணிகள் இறக்கும் அபாயம் வராதவர்களைவிட 22 மடங்கு. அமெரிக்காவில் கொரோனாவின் டெல்டா வகை பரவிய மாதங்களில், பிரசவ நேரத்தில் தொற்று பதிவான பெண்களில் 2.7 விழுக்காட்டினருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. தொற்று இல்லாதவர்களில் அது 0.63. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டதே 2021 ஜூலை 2-ல்தான், இரண்டாவது அலை பெரும் நாசம் செய்து முடித்த பிறகு. கொரோனா குழந்தையைப் பறித்தது உண்மை. பறித்தது கர்ப்ப காலத்தில். நான்கு வருடம் கழித்துக் கருத்தரிப்பு மையத்தில் அல்ல.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் இந்த விளக்கம் ஏன் ஓயவில்லை? அது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது, அதனால்தான்.

ஆணுக்கு வசதி. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. ஆனாலும் நம் வீடுகளில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி பெண்ணை நோக்கியே வருகிறது, பரிசோதனைக்கு முதலில் போவதும் அவள்தான். கணவனின் அறிக்கை வந்து அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் என்று இருந்தால், உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம் என்பதை எடுத்துச் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லி, விதைப்பை நரம்புச் சுருட்டு, சர்க்கரை, புகையிலை, நாள் முழுக்கச் சூட்டில் நிற்கும் வேலை என ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "கொரோனா வந்ததால அப்படி" என்ற ஒரு வரி இத்தனையையும் மூடிவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, ஸ்டீராய்டு ஏற்றப்பட்டு, அதன் பின் சர்க்கரை நோயோடு வீடு திரும்பிய ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீடித்த பாதிப்பு இருக்கலாம். அவர்களிடமும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதுதான் சிகிச்சை. கொரோனாவை நொந்துகொண்டு உட்காருவதில் பயனில்லை.

சில கிளினிக்குகளுக்கும் வசதி. தோல்விக்குக் காரணம் நோயாளியின் பழைய காய்ச்சல் என்றால் ஆய்வகத்தின் தரத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அதோடு நிற்பதும் இல்லை. நோய் எதிர்ப்பைச் சரிசெய்ய ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, கருப்பை கருவை ஏற்கும் நாளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை என்று செலவு நீள்கிறது. கடைசியாகச் சொன்ன சோதனையை 767 பெண்களிடம் முறைப்படி ஆய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். சோதனைப்படி நாள் குறித்துக் கரு வைத்தவர்களில் 58.5 விழுக்காட்டினருக்கும், வழக்கமான நாளில் வைத்தவர்களில் 61.9 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அதாவது எந்தப் பலனும் இல்லை. அந்தப் பணத்தில் இன்னொரு சுற்றுக்கான மருந்தில் ஒரு பகுதியையாவது வாங்கியிருக்கலாம்.

நம் நாட்டில் தேட வேண்டிய காரணத்தைத் தேடாமலே விட்டுவிடுவது இதில் ஆகப் பெரிய நஷ்டம். பிறப்புறுப்புக் காசநோய் அப்படி ஒன்று. இருமல் இருக்காது, சளி இருக்காது. கிருமி சத்தமில்லாமல் கருக்குழாயில் போய் உட்கார்ந்து அதை அடைத்துவிடும், கருப்பையின் உட்சுவரை மெலியவைத்துவிடும். எவ்வளவு நல்ல கரு வைத்தாலும் ஒட்டாது. காசநோய் மிகுந்த நாட்டில், மாதவிடாய் வரவரக் குறைந்துகொண்டே போகிறது என்று ஒரு பெண் சொன்னால், கருப்பைச் சவ்வின் மாதிரியை எடுத்துப் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். அந்தக் கேள்வி எழ வேண்டிய இடத்தில் "கொரோனா வந்துச்சா?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டால், அந்தப் பெண் இன்னும் இரண்டு சுற்று வீணாகக் கரு வைத்துக்கொள்வாள்.

காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு தேறட்டும், ஒரு வருடம் போகட்டும், இரண்டு வருடம் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். நியூயார்க்கின் வைல் கார்னெல் மையம், முட்டை இருப்பு குறைந்த பெண்களிடம் 2020-ல் செய்த ஆய்வில், ஆறு மாதம் வரை தள்ளிப்போனதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறையவில்லை. ஆகவே இரண்டு மாதம் பொறுப்பதற்கு யாரும் பதற வேண்டாம். ஆனால் 38 வயதில் இரண்டு வருடம் பொறுப்பது வேறு கதை. போன வருடங்களை எந்த ஊசியும் திருப்பித் தராது.

கொரோனா உண்மையிலேயே கெடுத்ததா என்பதற்கு விடை காண முடியாதா? முடியும், அதுவும் நம் ஊர்க் கணக்கிலேயே. 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒவ்வொரு மையமும் தன் சிகிச்சை விவரங்களைத் தேசியப் பதிவேட்டுக்குத் தர வேண்டும். பிரிட்டனில் ஒரு பெண் வீட்டில் இருந்தபடியே எந்த மையத்தில், எந்த வயதில், எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று பார்த்துவிடலாம். இங்கே பணம் கட்டுகிறவர் கையில் இருப்பது விளம்பரப் பலகையில் பளபளக்கும் ஒற்றை விழுக்காடு மட்டும். அது எந்த வயதினருடையது, கர்ப்பப் பரிசோதனையின் விழுக்காடா, பிறந்த குழந்தையின் விழுக்காடா என்பதுகூட அதில் இருக்காது. பதிவேட்டில் சேரும் விவரங்களை மையம்வாரியாக, வயதுவாரியாக, பிறந்த குழந்தைகளின் கணக்காக அரசு வெளியிட வேண்டும்.

அதுவரை, உங்கள் தோல்விக்குக் கொரோனாதான் காரணம் என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள். "2019-ல என் வயசுப் பொண்ணுங்களுக்கு இங்க எத்தனை குழந்தை பிறந்துச்சு? போன வருஷம் எத்தனை? ரெண்டு கணக்கையும் காட்டுங்க." கொரோனா கெடுத்தது உண்மையானால் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தாக வேண்டும். எண்ணைக் காட்டாதவர் சொல்லும் காரணத்தை நம்பி அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.